மிஸ்டர் பீன் வாய் திறக்காதது திக்குவாயாலா?

கேள்வி இதுதான்: "மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். திக்குவாய் என்பதால் தொலைக்காட்சி நிறுவனங்கள் எல்லாம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டன. அதனால்தான் பேசாத ஒரு பாத்திரத்தை உருவாக்கி உலகப் புகழ் பெற்றார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இது உண்மையா? அவருடைய வாழ்க்கையை விரிவாகச் சொல்ல முடியுமா?"

அந்தக் காணொளி எனக்கும் மூன்று முறை வந்துவிட்டது. கடைசியாக வந்ததில் பின்னணியில் சோக வயலின் வேறு. அதில் மெய்யான தகவல்கள் இரண்டு உண்டு: அவருக்குத் திக்குவாய் இருக்கிறது, மிஸ்டர் பீன் அதிகம் பேசமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒரு கண்ணீர்க் கதையைத் தைத்துவிட்டார்கள். மிஸ்டர் பீன் தொடரின் முதல் பாகம் 1990 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பானது. அதற்குள் அட்கின்சன் பிரிட்டனில் பத்தாண்டு காலமாகப் பிரபலமாக இருந்தார். அந்தப் பத்தாண்டும் அவர் பெயர் வாங்கியது வாயால்தான்.

ஏழ்மையை முதலில் முடித்துவிடுவோம். அவர் 1955 ஜனவரி 6 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹம் மாவட்டத்துக் கான்செட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பண்ணை வைத்திருந்தவர், ஒரு நிறுவனத்தின் இயக்குநரும்கூட. பிள்ளையை டர்ஹம் பேராலயத்தைச் சேர்ந்த கோரிஸ்டர்ஸ் பள்ளியில் சேர்த்தார்கள். பின்னாளில் பிரதமரான டோனி பிளேர் அதே பள்ளியில் அதே காலத்தில் படித்தவர். பிறகு மேற்குக் கரையோரம் செயின்ட் பீஸ் என்னும் பழமையான பள்ளி. கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் போகிற இடங்கள் அல்ல இவை.

படித்தது மின்னியல், மின்னணுப் பொறியியல். நியூகாசிலில் பட்டம் முடித்துவிட்டு, 1975இல் ஆக்ஸ்போர்டின் குயின்ஸ் கல்லூரியில் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்தார். ஆய்வின் பொருள், தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் கட்டுப்பாட்டு முறைகள். கருவி தன் வெளியீட்டைத் தானே கவனித்து, பிழையை அளந்து, அடுத்த முறை திருத்திக்கொள்வது என்று எளிமையாகச் சொல்லலாம். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

ஆக்ஸ்போர்டில் இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் ரிச்சர்ட் கர்ட்டிஸ், எழுத்தாளர். மற்றவர் ஹோவர்ட் குடால், இசையமைப்பாளர். மூவரும் சேர்ந்து மாணவர் மேடையில் குறுநாடகங்கள் போட்டார்கள், 1976இல் எடின்பரோ விழாவுக்கும் போனார்கள். ஒருமுறை இரண்டே நாளில் ஒரு புதிய குறுநாடகம் தயாரித்தாக வேண்டிய நெருக்கடி வந்தது. கண்ணாடி முன் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் கோணிக்கொண்டிருந்தபோது, பேசாத விசித்திரமான ஒரு மனிதன் அதில் தென்பட்டான் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே பீனின் விதை முளைத்தது அந்தக் கண்ணாடி முன்தான். எந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தின் வாசலிலும் யாரும் அவரைத் துரத்துவதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

துரத்தவும் இல்லை. 1979இல் லண்டனின் தனியார் அலைவரிசை ஒன்று அவரை வைத்து ஒரு மாதிரி நிகழ்ச்சி எடுத்துவிட்டு, தனித் தொடரே தருகிறோம் என்றது. இருபத்து நான்கு வயதுப் பையன் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பி.பி.சி.யில் நான்கு பேரில் ஒருவராக நடிக்கப் போனார். நிராகரித்தவர் யார், நிராகரிக்கப்பட்டவர் யார் என்பதைக் காணொளிக்காரர் தலைகீழாகப் பிடித்துவிட்டார்.

அந்த பி.பி.சி. நிகழ்ச்சியின் பெயர் 'நாட் த நைன் ஓ'கிளாக் நியூஸ்'. முதல் அலைவரிசையில் ஒன்பது மணிச் செய்தி ஓடும் அதே நேரத்தில் இரண்டாவது அலைவரிசையில் இது வரும். பெயரே அந்தக் குறும்புதான். தயாரிப்பாளர் ஜான் லாயிட். 1979 ஏப்ரலில் தொடங்க வேண்டியது, பொதுத்தேர்தல் குறுக்கிட்டதால் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. மெல் ஸ்மித், பமீலா ஸ்டீவன்சன், பிறகு சேர்ந்த கிரிஃப் ரீஸ் ஜோன்ஸ் ஆகியோருடன் 1982 வரை நடித்தார்.

அதில் ஒரு குறுநாடகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மெல் ஸ்மித் ஒரு பேராசிரியர். காட்டில் பிடித்து வந்து பேசப் பழக்கிய கொரில்லாவோடு தொலைக்காட்சிப் பேட்டிக்கு வந்திருக்கிறார். கொரில்லா வேடத்தில் அட்கின்சன். பிடித்தபோது இது எப்படி இருந்தது என்று பேராசிரியர் விவரிக்க ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் போடுகிறார். அதற்குக் காட்டு விலங்கின் மூர்க்கம் என்றும் பொருள், கடுங்கோபம் என்றும் பொருள். கொரில்லா மெல்லத் திரும்பி, நாகரிகமான ஆங்கிலத்தில், கோபமா, கொதித்துப்போயிருந்தேன் என்கிற தோரணையில் பதில் சொல்கிறது. அரங்கம் அதிர்கிறது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அட்கின்சனின் முகம் முழுக்க மயிருக்கும் ஒப்பனைக்கும் அடியில் புதைந்திருக்கிறது. ரப்பர் முகம் என்று உலகமே புகழும் அந்த முகத்துக்கு அங்கே வேலையே இல்லை. சிரிப்பு முழுவதும் குரலிலும், பதிலுக்கு முன் அவர் விடும் இடைவெளியிலும் இருக்கிறது.

மேடையிலும் அப்படித்தான். வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஒரு பள்ளி ஆசிரியரின் தனிநடிப்பு அவருடைய பழைய சொத்து. மாணவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார், அவ்வளவுதான். பெயர்கள் எல்லாம் இரட்டை அர்த்தம். ஆனால் அவர் எங்கும் சிரிப்பதில்லை, இரட்டை அர்த்தம் இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் கத்தியால் நறுக்கியதுபோல் உச்சரித்துக்கொண்டே போவார்.

நம்மிடம் நாகேஷுக்கும் இந்த அநியாயம் நடக்கிறது. ஒல்லி உடம்பை வளைத்து ஆடியவர் என்றே பேசுகிறோம். தருமியாகக் கோயில் மண்டபத்தில் அவர் தனியாகப் புலம்புவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். சிரிப்பு குறையாது. உடம்பால் சிரிக்க வைப்பவர்களுக்கு நாக்கும் உண்டு என்பது நமக்கு ஏனோ மறந்துவிடுகிறது.

இப்போது திக்குவாய்க்கு வருகிறேன். சிறுவயது முதலே அவருக்கு அது உண்டு. நேர்காணல்களில் இன்றும் கவனித்தால் தெரியும். தானாக இல்லாமல் வேறொரு பாத்திரமாகப் பேசும்போது அது காணாமல் போய்விடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். திக்குகிற பல நடிகர்களின் அனுபவம் இது. மேடையில் ஒரு வேடத்தைப் போர்த்திக்கொண்டதும் பேச்சு சரளமாகும். முழுக்க ஓடிவிடுவதில்லை, மிச்சம் ஏதோ ஒரு மூலையில் தங்கும். அட்கின்சனிடம் அது ஆங்கில பி என்னும் எழுத்தில் தங்கியது. தமிழில் 'பம்பரம்' என்னும்போது நடுவில் வருகிறதே, இரண்டு உதடும் ஒட்டித் திறக்கும் அந்த ஒலி. அதைத் தாண்ட அவர் கண்டுபிடித்த வழி, உதடுகளை இறுக்கி, ஒரு கணம் காற்றை அடைத்து, பிறகு வெடித்தாற்போல் விடுவது. பலவீனத்தை மறைக்கப் போட்ட ஒட்டு. அதுவே முத்திரை ஆகிவிட்டது.

எங்கே என்றால், 'பிளாக்ஆடர்' என்ற பி.பி.சி. நகைச்சுவைத் தொடரில். பெயரின் முதல் எழுத்தே அதுதான். அந்தத் தொடரில் ஆண் வேடமிட்ட ஒரு பெண் வருவாள், 'பாப்' என்று பெயர் சொல்வாள். மூன்று எழுத்துப் பெயர், அதில் இரண்டு பி. அட்கின்சன் அதைச் சொல்லும் விதம் இருக்கிறதே, சோடா பாட்டில் மூடி திறப்பதுபோல் இருக்கும். எழுதியவர்களுக்கு இந்த ருசி பிடித்துப்போய், பின்னாலும் அதே பெயரை மறுபடி கொண்டுவந்தார்கள்.

பிளாக்ஆடர்தான் என் கணக்கில் அவருடைய ஆகப் பெரிய சாதனை. மிஸ்டர் பீனை மட்டும் அறிந்தவர்கள் இதைப் பார்த்தால் அதே ஆளா என்று நம்பமாட்டார்கள். ஆனால் தொடக்கம் சுமார்தான். 1983இல் வந்த முதல் தொடரை அட்கின்சனும் கர்ட்டிஸும் சேர்ந்து எழுதினார்கள். இடைக்கால இங்கிலாந்து, அசல் கோட்டை, குதிரைகள், பனி, வெளிப்புறப் படப்பிடிப்பு என்று பணத்தை அள்ளி இறைத்தார்கள். சிரிப்பு அந்த அளவுக்கு வரவில்லை. கதாநாயகன் எட்மண்ட் ஒரு அசட்டு இளவரசன், அவனுடைய வேலைக்காரன் பால்ட்ரிக் அவனைவிடப் புத்திசாலி. அடுத்து வந்த பி.பி.சி. அதிகாரி மைக்கேல் கிரேட், செலவைப் பார்த்துத் தொடரையே மூடிவிடும் எண்ணத்தில் இருந்தார். கோட்டையும் குதிரையும் கிடையாது, ஸ்டுடியோவுக்குள்ளேயே மலிவாக எடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் இரண்டாம் தொடரைப் பெற்றார்கள்.

அந்தச் சிக்கனம் செய்த நன்மையைப் பாருங்கள். அட்கின்சன் எழுதுவதிலிருந்து விலகிக்கொள்ள, பென் எல்ட்டன் என்ற இளைஞர் கர்ட்டிஸோடு சேர்ந்தார். நான்கு சுவர்களுக்குள் குதிரை ஓட்ட முடியாது, பேசத்தான் முடியும். வசனம் கூர்மையானது. எட்மண்டும் பால்ட்ரிக்கும் மூளையை மாற்றிக்கொண்டார்கள். எஜமான் விஷநாக்குக்காரப் புத்திசாலி ஆனான், வேலைக்காரன் உலக மகா மண்டு ஆனான். டோனி ராபின்சன் நடித்த பால்ட்ரிக், என்னிடம் ஒரு தந்திரமான திட்டம் இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் அட்கின்சனின் கண்ணிமை மட்டும் லேசாகத் தாழும். அவ்வளவுதான், வேறெதுவும் அசையாது. பிற்காலத்தில் முகத்தைக் கசக்கிப் பிழிந்து சிரிக்க வைத்தவர், இங்கே முகத்தைப் பூட்டி வைத்துச் சிரிக்க வைத்தார்.

தொடருக்குத் தொடர் காலமும் எட்மண்டின் வேடமும் மாறும். 1986இல் முதலாம் எலிசபெத் ராணி காலத்துப் பிரபு. 1987இல் ஒரு மூட இளவரசனின் வீட்டுப் பணியாள். 1989இல் முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் ஒரு கேப்டன். அந்தஸ்தும் செல்வாக்கும் இறங்க இறங்க எட்மண்டின் நாக்கு மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகும். ஸ்டீவன் ஃப்ரை, ஹ்யூ லாரி, மிராண்டா ரிச்சர்ட்சன், டிம் மெக்கினர்னி என்று சுற்றி நின்றவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல.

கடைசிப் பாகம் 1989 நவம்பர் 2 அன்று ஒளிபரப்பானது. அன்று முழுக்க எட்மண்டின் வேலை எப்படியாவது தாக்குதலிலிருந்து நழுவுவது. தலையில் உள்ளாடையைக் கவிழ்த்து, மூக்கில் இரண்டு பென்சிலைச் செருகிக்கொண்டு பைத்தியமாக நடிக்கிறான். எடுபடவில்லை. புறப்படும் கடைசி நொடியில் பால்ட்ரிக் வழக்கம்போல் ஒரு திட்டம் இருக்கிறது என்கிறான். எட்மண்ட் வழக்கம்போல் அவனைக் கிழிக்கவில்லை. பைத்தியமாக நடித்துத் தப்பலாம் என்று நினைத்தேனே, இங்கே கூடுதலாக ஒரு பைத்தியம் இருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்கிற பொருளில் அமைதியாகச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்கிறான். விசில் ஊதுகிறது. மேலேறி ஓடுகிறார்கள். எடுத்த காட்சி சரியாக அமையவில்லை என்று படத்தொகுப்பில் அதை மெதுவாக ஓடவிட்டு, தொடரின் இசையைப் பியானோவில் துளித்துளியாக வைத்து, போர்க்களத்தை அப்படியே பாப்பிப் பூ வயலாகக் கரைத்தார்கள். ஒரு நகைச்சுவைத் தொடர் சிரிப்பொலி இல்லாமல் முடிந்தது. 2004இல் பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பில் பிரிட்டனின் மிகச் சிறந்த நகைச்சுவைத் தொடர்களில் பிளாக்ஆடருக்கு இரண்டாம் இடம்.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1989 நவம்பர் தொடக்கத்தில் இந்த முடிவு. 1990 ஜனவரி 1இல் மிஸ்டர் பீன். இரண்டு மாத இடைவெளியில் நாட்டின் ஆகக் கூர்மையான நாக்குக்காரர் வாயை மூடிக்கொண்டார். பேச வராததால் மூடினார் என்பவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

பிறகு ஏன் மூடினார்? இங்கேதான் பொறியாளர் வருகிறார். 1987இல் கனடாவின் மான்ட்ரியால் நகைச்சுவை விழாவுக்கு அவரை அழைத்திருந்தார்கள். அங்கே ஆங்கில நிகழ்ச்சி தனி, பிரெஞ்சு நிகழ்ச்சி தனி. அட்கின்சன் தன்னைப் பிரெஞ்சு நிகழ்ச்சியில்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பிரெஞ்சு வசனம் ஒன்றும் அவரிடம் இல்லை. அதுதான் காரணமே. மொழி தெரியாதவர்கள் முன்னால் இந்தப் பேசாத ஆள் எடுபடுகிறானா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் ஒரு காரணியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அளப்பார்களே, அந்த மாதிரிச் சோதனை. பள்ளி நாளில் பார்த்த பிரெஞ்சு நடிகர் ஜாக் தாத்தியின் படமும் அவர் மனதில் இருந்தது. அவசரமில்லாமல், வசனத்தை நம்பாமல் ஒரு மனிதன் உலகத்தோடு மோதிக்கொண்டே இருப்பதை அங்கேதான் கண்டுகொண்டார்.

பெயர்கூட நெடுநாள் முடிவாகவில்லை. காய்கறிப் பெயர்களாகப் பார்த்தார்கள். காலிஃபிளவர் பட்டியலில் இருந்தது. கடைசியில் அவரைக்காய், அதாவது ஆங்கிலத்தில் பீன், ஜெயித்தது. தொடக்கத்தில் வானிலிருந்து ஒளிவட்டத்தில் விழுவானே, அப்போது ஒலிக்கும் லத்தீன் தேவாலயப் பாடல் ஹோவர்ட் குடால் அமைத்தது. வரிகளின் பொருள், இதோ பாருங்கள், அவரைக்காயாகிய மனிதன். பக்திப் பாடல் என்று பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

பீன் எப்படி வேலை செய்கிறான் என்பதற்கு உணவகக் காட்சியைச் சொல்கிறேன். பிறந்தநாள். தனியாக வந்து உட்காருகிறான். தனக்குத் தானே வாழ்த்து அட்டை எழுதி, உறையில் போட்டு, பிறகு எதிர்பாராமல் வந்ததுபோல் பிரித்துப் படித்து மகிழ்கிறான். கையிலிருக்கும் காசை எண்ணிப் பார்த்து, விலைப் பட்டியலோடு ஒப்பிட்டு ஒன்றை வரவழைக்கிறான். வந்தது ஸ்டேக் டார்ட்டார், அதாவது வேகவைக்காத கொத்திறைச்சி. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. உணவக மேலாளர் வேறு வந்து எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். மரியாதைக்குப் பயந்தவனாதலால் ஆகா என்கிறான். இனி அந்த இறைச்சியை மறைத்தாக வேண்டும். பூச்சாடி, சர்க்கரைக் கிண்ணம், குடைந்தெடுத்த ரொட்டி, பக்கத்து மேசைப் பெண்ணின் கைப்பை என்று ஒவ்வோர் இடமாகத் திணிக்கிறான். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஆபத்து கூடியது. கடைசியில் பரிமாறுபவரைக் காலை வைத்து இடறி விழவைத்து, அந்த அமளியில் தன் தட்டிலிருந்ததும் நாலாபுறமும் சிதறிவிட்டதாக நாடகம் ஆடுகிறான். தப்பித்தாயிற்று. மேலாளர் மனமிரங்கி அவனை வேறு மேசைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, இலவசமாக ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். அதே இறைச்சி, இந்த முறை இன்னும் பெரியதாக.

இதில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற முடியாது. காசை எண்ணியதால் வேறு உணவு கேட்க முடியாது. மரியாதைக்குப் பயந்ததால் உண்மையைச் சொல்ல முடியாது. மறைத்த திறமையே தண்டனையாகத் திரும்பி வருகிறது. வெளியீடு மீண்டும் உள்ளீட்டுக்குள் வந்து விழுகிறது என்று அவருடைய ஆய்வு வழிகாட்டி சொல்லியிருக்கக்கூடும். பூங்கா இருக்கையில் ரொட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டி, காலுறைக்குள் கீரையைப் போட்டுச் சுழற்றி நீரை வடித்து சாண்ட்விச் செய்வானே, அதிலும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு செயலும் அவன் வரையில் முழுக்க நியாயமானது. பெரியவன் உடம்பில் இருக்கும் சிறுவன் என்று அட்கின்சன் அவனை விளக்கியிருக்கிறார். சிறுவர்களுக்கே உரிய சுயநலமும் வஞ்சமும் அவனிடம் உண்டு. வெகுளி என்று நாம் நினைப்பது தவறு. அந்த நீல நிற மூன்று சக்கர வண்டியை அவன் எத்தனை முறை கவிழ்த்திருக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனைக்கும் மொத்தம் பதினைந்தே பாகங்கள். 1990 முதல் 1995 வரை, ஆண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் மூன்று என்று சொட்டுச் சொட்டாக வந்தவை. வசனம் எழுதுகிறவர் ஒரு வாரத்தில் ஒரு பாகம் எழுதிவிடலாம். உடம்பால் செய்யும் சிரிப்பை அப்படி எழுத முடியாது, ஒத்திகையில் செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1992 புத்தாண்டு அன்று வந்த பாகத்தை பிரிட்டனில் ஏறத்தாழ 1.87 கோடிப் பேர் பார்த்தார்கள். மொழிமாற்றத் தேவை இல்லாததால் 190க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. நம் வீடுகளில் ஆங்கிலம் தெரியாத பாட்டியும் பள்ளிக்கே போகாத பேரனும் ஒரே இடத்தில் சேர்ந்து சிரித்தார்கள் என்றால், மான்ட்ரியாலில் அவர் செய்த சோதனையின் விடை அது.

திரைப்படங்களை வேகமாகக் கடக்கிறேன். 1997இல் வந்த பீன் படம் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இயக்கியவர் கொரில்லாவின் பேராசிரியரான அதே மெல் ஸ்மித். என் அபிப்பிராயத்தில் வசூல் அளவுக்குத் தரம் இல்லை. அதில் பீனை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போய் மேடையில் சொற்பொழிவாற்ற வைத்தார்கள். 2007இல் பிரான்ஸுக்குச் சுற்றுலா போகும் இரண்டாவது படம் எவ்வளவோ மேல். ஜானி இங்கிலீஷ் என்ற அசட்டு உளவாளி, 1990களில் ஒரு கடன் அட்டை விளம்பரத்தில் அவர் செய்த பாத்திரத்திலிருந்து வளர்ந்தவன். 2003, 2011, 2018 என மூன்று படங்கள். 1995இல் காவல்நிலையத்தை வைத்து பென் எல்ட்டன் எழுதிய 'த தின் புளூ லைன்' தொடரில் ஆய்வாளராக நடித்தார், பரவாயில்லை ரகம். 'த லயன் கிங்' படத்தில் ஸாஸு பறவைக்குக் குரல் கொடுத்தது அவர்தான். குரல்தான், கவனியுங்கள். 2016, 2017இல் மெக்ரே என்னும் பிரெஞ்சுத் துப்பறிவாளராக நான்கு தொலைக்காட்சிப் படங்களில் சிரிப்பே இல்லாமல் நடித்தார். எங்கே முகத்தைக் கோணுவார் என்று காத்திருந்த ரசிகர்களுக்குக் கடைசிவரை ஏமாற்றம்.

சொந்த வாழ்க்கையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, நாமும் அளவோடு நிறுத்துவோம். பி.பி.சி.யில் ஒப்பனைக் கலைஞராக இருந்த, தந்தை வழியில் இந்தியரான சுனேத்ரா சாஸ்திரியை 1990இல் மணந்தார். 2015இல் மணவிலக்குப் பெற்றார்கள். மனிதருக்கு உண்மையான பித்து வாகனங்கள்மேல். கனரக லாரி ஓட்டும் உரிமம் எடுத்து வைத்திருக்கிறார். 1997இல் வாங்கிய மெக்லாரன் எஃப்1 காரை இரண்டு முறை மோதினார். 2011இல் மரத்தில் மோதியபோது பழுதுபார்க்க ஆன காப்பீட்டுச் செலவு சுமார் 9,10,000 பவுண்டு. அதே காரை 2015இல் ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். இப்படிப்பட்டவர் பீனாக வரும்போது கதவில் பூட்டுத் தொங்கும் குட்டிக் காரை ஓட்டினார் என்பதுதான் வேடிக்கை. இன்னொன்று, சமூக வலைத்தளங்களில் ஆண்டுதோறும் அவரைச் சாகடிக்கிறார்கள். அந்தச் செய்தி வந்தாலும் நம்பாதீர்கள்.

பேச்சைப் பற்றித் தொடங்கியதால் இதையும் சொல்லிவிட வேண்டும். வேடம் ஏதும் இல்லாமல், ரோவன் அட்கின்சனாகவே அவர் பொதுவெளியில் பேசிய அரிய தருணங்கள் பெரும்பாலும் பேச்சுரிமைக்காகத்தான். மத வெறுப்பைத் தடுக்க என்று பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த மசோதா, மதங்களைக் கிண்டல் செய்வதையே குற்றமாக்கிவிடும் என்று எதிர்த்தார். திருத்தங்களோடுதான் அது 2006இல் சட்டமானது. பிறகு 2012இல், அவமதிக்கும் சொற்களைப் பேசினாலே கைது செய்யலாம் என்றிருந்த பொது ஒழுங்குச் சட்டப் பிரிவுக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்து உரையாற்றினார். 2013இல் அந்தப் பிரிவிலிருந்து 'அவமதிக்கும்' என்ற சொல்லை நீக்கினார்கள். நாடாளுமன்றவாதிகள் முன்னால் நின்று, திக்குவாய் உள்ள ஒருவர், எழுதி வைத்த தாளிலிருந்து நிறுத்தி நிதானமாக வாதிட்டதை நினைத்துப் பாருங்கள். பேச முடியாததால் ஊமைப் பாத்திரம் செய்தவர் என்ற கதையில் இந்த மனிதர் எங்கே பொருந்துகிறார்?

2012 ஜூலை 27, லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழா. சைமன் ராட்டில் நடத்த, லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசிக்கிறது. சிந்தசைசர் முன் அட்கின்சன். பாட்டு முழுக்க அவருக்கு ஒரே ஒரு சுரம், அதைத் திரும்பத் திரும்ப ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் பெருமிதம். பிறகு சலிப்பு. மற்றொரு கையால் கைபேசியை எடுத்துப் பார்க்கிறார். தும்மல் வருகிறது, கைக்குட்டை எட்டவில்லை. குடையை எடுத்து அதன் நுனியால் அந்தச் சுரத்தைத் தட்டிக்கொண்டே எட்டி எடுக்கிறார். சுரம் மட்டும் தவறவே இல்லை. ஒரு வார்த்தை இல்லாமல், பத்து விரலில் ஒன்பதைச் சும்மா வைத்துக்கொண்டு அந்த அரங்கத்தையே சிரிக்க வைத்தார். மறு ஆண்டு அரசி பிறந்தநாள் பட்டியலில் சி.பி.இ. விருது கிடைத்தது.

பீன் வேடத்தைப் போடுவது தனக்கு அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல, எல்லாச் சுமையும் ஒருவர் தலையிலேயே விழுவதால் களைப்பும் மன அழுத்தமும்தான் மிஞ்சுகின்றன என்று அவர் 2021இல் சொன்னார். இதுவும் அவருடைய குணத்தோடு ஒத்துப்போகிறது. பிளாக்ஆடரில் சுமையைப் பகிர ஐந்தாறு பேர் இருந்தார்கள். பீனுக்கு ஒரு பொம்மைக் கரடி மட்டும்தான். அப்படியும் 2022இல் ஒரு தேனீயோடு மல்லுக்கட்டும் 'மேன் வெர்சஸ் பீ' தொடரை நெட்ஃபிளிக்ஸுக்காக நடித்துக் கொடுத்தார். சின்னச் சின்ன ஒன்பது பாகங்கள். பொறியாளர் இன்னும் பட்டறையை மூடவில்லை.

நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால் பிளாக்ஆடரை முதல் தொடரிலிருந்து தொடங்காதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். இரண்டாம் தொடரின் முதல் பாகத்தில் தொடங்குங்கள். அந்த 'பாப்' அதில்தான் வருகிறாள். வசனம் வேகமாக ஓடும், ஆங்கிலத் துணையெழுத்தைப் போட்டுக்கொண்டாலும் அங்கங்கே நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.